தெமோதரையான் எழுதிய விமர்சனம்

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையின் நீள மேசையில் அந்தப் போட்டோக் கொப்பி கிடந்தது. தெமோதரையில் பஸ்ஸை விட்டிறங்கி மழையில் மேடேறி வந்த சுலோஜனா, குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு வரவுப் புத்தகத்தில் ஒப்பமிடக் குனிந்தபோதுதான் அதன் தலைப்பைக் கண்டாள். ‘வலமிருந்து இடம்’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘எழுதுபவர்: தெமோதரையான்’.

 தன் பெயருக்கு நேரே இட வேண்டிய ஒப்பத்தைப் பக்கத்துக் கட்டத்தில் இட்டுவிட்டாள்.

அது அவளுடைய வலைப்பதிவு. அவள்தான் தெமோதரையான். அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் அது தெரியும். சித்திர ஆசிரியர் பார்த்தீபன். அவர் ஜன்னலோரம் நின்று ஒரு பிரதியைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தாளுக்கு வந்திருந்தார். மூன்றாவது தாளில் என்ன இருக்கிறதென்று சுலோஜனாவுக்குத் தெரியும். அதை எழுதிய சந்தோஷம் அடங்கிய பிறகு, அவர் படித்துவிடக் கூடாதே என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

பார்த்தீபன் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு தடவை அவளைப் பார்த்தார். பிறகு வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார். மணி இன்னும் அடித்திருக்கவில்லை.

சுலோஜனாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பதுளைக் கடைவீதியில் அவளுடைய அப்பாவுக்குப் புடைவைக் கடை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக நியமனம் கிடைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெரியப்பா மகள் லக்ஷிகா லண்டனில் ஒரு நூலகத்தில் வேலை செய்தாள். அங்கே பழசென்று கழித்துவிடுகிற புத்தகங்களுக்குள்ளிருந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பொறுக்கி ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்புவாள். மங்கா என்று அவற்றுக்குப் பெயர். யுத்த காலமாகையால் தபால் கந்தோரில் பெட்டியைப் பிரித்து, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி வலமிருந்து இடமாகப் போகும் அந்தப் புத்தகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார்கள்.

முதலில் பொழுதுபோக்காகத்தான் படித்தாள். பிறகு படித்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பதுளையில் ஸரூக் நடத்திய நெட் கபேக்குப் போய், வாரத்தில் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து தமிழில் தட்டத் தொடங்கினாள். கூடைப்பந்து விளையாடும் பெண்கள், பேய் பிடிக்கும் கிழவர், ஒரு சாப்பாட்டுக் கடையை மட்டுமே சுற்றி ஓடும் பன்னிரண்டு பாகக் கதை என்று இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு விமர்சனம். சென்னையிலும் டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து ஆட்கள் வந்து படித்தார்கள். பதிவின் உச்சியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: ‘படிக்காததைப் படித்ததாகவும், இல்லாததை இருப்பதாகவும் இங்கே எழுதப்படாது.’

ஆண் பெயரில் எழுதியதற்குக் காரணம் இருந்தது. பெண் பெயரைக் கண்டால் எழுத்தை விட்டுவிட்டு ஆளை விசாரிக்க வருகிறவர்கள் அதிகம். பதுளைக்காரி என்று தெரியாமல் இருக்கத் தெமோதரையைப் போட்டுக்கொண்டாள். ஊரும் வேறு, ஆளும் வேறு, இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று அப்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் புத்தகங்களைப் படமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பார்த்தீபன்தான். தெமோதரைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்து, நுண்கலை படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். கோடு எங்கே தடிக்கிறது, ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் இடையில் வெறுமையாக விட்ட கட்டம் எத்தனை நேரத்தைக் காட்டுகிறது என்றெல்லாம் இடைவேளைகளில் சொல்வார். அவர் சொன்ன பலதை அவள் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டே விமர்சனங்களில் சேர்த்திருக்கிறாள்.

ஓகஸ்ட் மாதப் பெட்டியில் ‘நான்காம் நடைமேடை’ வந்தது. ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கும், அச்சகத்தில் பிழை திருத்தும் இன்னொருவருக்கும் இடையில் மெல்ல மெல்ல வளரும் காதல். இருவரும் ஆண்கள். ஜப்பானில் இந்த வகைக் கதைகளுக்கென்றே தனி அலுமாரி உண்டு என்று லக்ஷிகா எழுதியிருந்தாள். அதே வகையில் முன்பு வந்த இரண்டு புத்தகங்கள் சுலோஜனாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் சுவரில் சாய்த்துத் திணறடிப்பதைக் காதலென்று காட்டுகிறார்கள் என்று காட்டமாகவே எழுதியிருந்தாள். இது வேறு மாதிரி இருந்தது. படித்து முடித்துப் பார்த்தீபனிடம் கொடுத்தாள். வானம் வரைந்திருக்கிற விதத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சித்திர அறையில் வைத்து அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். தூரிகைகளைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், தனக்கும் ஒருவர் இருக்கிறார் என்றார். பண்டாரவளையில். பெயர் சொல்லவில்லை. சனிக்கிழமை பகல் ரயிலில் போவாராம். நிலையத்தின் கடைசி வாங்கில், கால் உடைந்து கல் வைத்த வாங்கில், இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார்களாம், இவர் மடியில் வரைதல் கொப்பியோடு. ஆறு வருடமாக. இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை என்றார். சுலோஜனா கழுவிய தூரிகைகளை வாங்கித் துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

அதற்கு அடுத்த கிழமை அவள் நாற்பத்திரண்டாவது விமர்சனத்தை எழுதினாள். எழுதியதிலேயே நல்லது அதுதான். புத்தகத்தின் இறுதியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் குறிப்பைப் பிடித்துக்கொண்டு தொடங்கியிருந்தாள். மூலத்தில் அந்த ரயில்காரர் சொல்லும் சொல்லுக்குப் ‘பிடிக்கும்’ என்றும் பொருள், ‘காதலிக்கிறேன்’ என்றும் பொருளாம். ஆங்கிலத்தில் இரண்டாவதைப் போட்டுவிட்டார்கள். முப்பது பக்கமாக அவர் சொல்லத் தயங்கியதை மொழிபெயர்ப்பு ஒரே போடாகப் போட்டு உடைத்துவிட்டது, அவருக்கு இல்லாத அவசரம் மொழிபெயர்ப்பாளருக்கு எதற்கு என்று கேட்டிருந்தாள்.

மூன்றாவது தாளில் இருந்தது இது:

‘இதெல்லாம் தோக்கியோவில் நடக்கும், நம்மூரில் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை பகல் ரயிலில் பண்டாரவளைக்குப் போய், கால் உடைந்து கல் முட்டுக்கொடுத்த கடைசி வாங்கில், தனக்குப் பிரியமானவருக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிற ஒருவரை எனக்குத் தெரியும். மடியில் எப்போதும் ஒரு வரைதல் கொப்பி இருக்கும். அவரும் ஆண், இவரும் ஆண். அவர்கள் அங்கே பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே அதிகம்.’

இந்தப் பத்தியை எழுதிய பின்னேரம் அவள் நெட் கபேயிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை. உண்மையை எழுதிவிட்டோம் என்ற சந்தோஷம். அது யாருடைய உண்மை என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

கொப்பியைக் கொண்டுவந்தவர் வர்த்தகப் பாட ஆசிரியை சுதர்சினி. அவர் பண்டாரவளையிலிருந்து வந்து போகிறவர். ஏதோ பாடநெறிக்காக இணையத்தில் தேடும்போது தெமோதரை என்ற பெயர் கண்ணில் பட, படித்துப் பார்த்து, அச்செடுத்து உப அதிபருக்குக் காட்டினாராம். அதற்கு மேல் அது அவர் கையில் நிற்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் மதுசூதனன் என்பவர் மரக்கறி லொறி ஓட்டுவிக்கிறவர். மகள் பத்தாம் வகுப்பில் படித்தாள். அவர் இருபது பிரதி எடுத்துவிட்டார். ஆண்பிள்ளை, தெமோதரைக்காரர், மடியில் வரைதல் கொப்பி, முப்பத்திமூன்று வயதாகியும் கலியாணம் இல்லை. எழுதியவரும் ரயிலில் போகிறவரும் பார்த்தீபன்தான் என்று கணக்குப் போட யாருக்கும் நேரம் எடுக்கவில்லை. பதினொரு மணி இடைவேளைக்குள் தேநீர் போடும் அம்மா வரைக்கும் பார்த்தீபனைப் பார்க்கும் விதம் மாறியிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தல் வந்தது. எழுதியவர் தானே வந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வலயக் கல்விக் கந்தோருக்கும் பொலிஸுக்கும் போவதாக மதுசூதனன் அதிபரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்படியானவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது என்றாராம்.

அந்தத் திங்கட்கிழமையே பாடசாலை விட்டதும் சுலோஜனா நேரே பதுளைக்கு, ஸரூக்கின் கடைக்குப் போனாள். கடவுச்சொல்லை இரண்டு தடவை பிழையாக அடித்தாள். மூன்றாம் தடவை உள்ளே போய், அந்தப் பத்தியைத் தெரிவு செய்து அழித்தாள். பக்கம் திரும்பி வர ஒரு யுகம் எடுத்தது. வந்தபோது, மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒட்டிக்கொண்டு, இடையில் ஒன்றும் இருந்ததே இல்லை என்பது போல இருந்தது. ஒரு பத்தி நீக்கப்பட்டிருக்கிறது என்று குறிப்புப் போடுவதுதான் அவளுடைய வழக்கம். இந்தத் தடவை போட முடியவில்லை.

வெளியேறும்போது ஸரூக் கூப்பிட்டார். பாதுகாப்புக் காரணத்துக்காக, வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி வைக்கும் பெரிய புத்தகம் அவர் முன்னால் கிடந்தது.

“டீச்சர், மதியம் ஒருத்தர் வந்தாரு. தெமோதரைக்காரங்க யார் யார் இங்க வாறாங்கன்னு இந்தப் புத்தகத்தப் பாக்கணும்னாரு. பொலிஸ் கேட்டா காட்டுவேன், உங்களுக்குக் காட்ட மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” புத்தகத்தை மூடினார். “ஆனா பொலிஸ் கேட்டா நான் காட்டித்தான் ஆகணும்.”

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பார்த்தீபன் பாடசாலைக்கு வரவில்லை. பின்னேரம் சுலோஜனா ரயில் பாதையைக் கடந்து, தேயிலைக்கு நடுவே இறங்கும் படிகளில் அவருடைய லயத்துக்குப் போனாள். லயத்துக் கோடியில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பார்த்தீபனின் அம்மா வடிவம்மா வாசலில் இருந்து, வாங்க டீச்சர் என்றார். மகனுக்குக் காய்ச்சல் என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாதா, தெரிந்தும் அப்படிச் சொன்னாரா என்று விளங்கவில்லை.

பார்த்தீபனுக்குக் காய்ச்சல் இல்லை. பின்பக்கத்து மரக்கறிப் பாத்தியோரம் குந்தியிருந்தார். அவள் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். எழுதியது நான்தான் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டால் அவர் மேல் விழுந்த பழி போய்விடும் என்றாள். கேட்டு முடித்து அவர் நிமிர்ந்தார்.

“எழுதினது நீங்கன்னு சொன்னா, அந்த ரயில்ல போற ஆளு யாருன்னு கேப்பாங்களே, அப்ப என்ன சொல்லுவீங்க?”

சுலோஜனா பாத்தி விளிம்பில் குந்தினாள்.

“மொழிபெயர்ப்பாளருக்கு என்ன அவசரம்னு எழுதியிருந்தீங்க டீச்சர். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நான் நேத்து அத நாலு தடவ படிச்சேன். அப்பறம் அடுத்த பத்திக்கு வந்தேன்.”

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஓட முடியாது, ஓடினால் ஒத்துக்கொண்ட மாதிரி, நாளைக்குக் கூட்டத்துக்கு வருவேன், அந்த மற்றவருக்கு வேலையும் குடும்பமும் இருக்கிறது, அவர் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது என்றார்.

“கற்பனைன்னு சொல்றேன்,” என்றாள் சுலோஜனா. “அப்பிடி ஒரு ஆளே இல்ல, நான் கட்டி எழுதினேன்னு சொல்றேன்.”

“பொய் சொல்லத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார் பார்த்தீபன். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

புதன்கிழமை தோட்ட வேலை முடிந்து, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. மண்டபத்தில் அறுபது எழுபது பேர். நனைந்த சாக்கும் தேயிலைக் கறையும் மணத்தன. மேடையில் அதிபர் சிதம்பரநாதன் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அதிகம் பேசாதவர். பக்கத்தில் மதுசூதனன். ஆசிரியர்கள் இடப்பக்க வாங்குகளில். பார்த்தீபன் கடைசியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

மதுசூதனன் நல்லபடியாகத்தான் பேசத் தொடங்கினார். யாரையும் அவமானப்படுத்துவது தன் நோக்கமில்லை, பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் படிக்கிற இடம், ஒழுக்கம் முக்கியம் என்றார். பிறகு கொப்பியை எடுத்து அந்தப் பத்தியை உரத்து வாசித்தார். அவர் வாயிலிருந்து வந்தபோது சுலோஜனாவுக்குத் தன் சொற்களையே அடையாளம் தெரியவில்லை. பின்வரிசைப் பக்கம் தலைகள் திரும்பின.

அவள் எழுந்தாள். கைப்பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து மேடையின் விளிம்பில் வைத்தாள். ஓரமெல்லாம் அவளுடைய பென்சில் குறிப்பு.

“தெமோதரையான் நான்தான் சேர்,” என்று அதிபரைப் பார்த்துச் சொன்னாள்.

சலசலப்பு எழுந்து அடங்க நேரம் எடுத்தது. அதிபர் ஒரு புத்தகத்தைத் திறந்து, திருப்பித் தலைகீழாகப் பிடித்து, பிறகு சரியான பக்கம் எது என்று விளங்கிக்கொண்டு பென்சில் எழுத்தைப் பார்த்தார். இது சுலோஜனாப் பிள்ளையின் கையெழுத்துத்தான் என்றார். மதுசூதனனுக்கு ஒரு நிமிடம் தடுமாற்றம். ஒரு பெண், அதுவும் பதுளைப் புடைவைக் கடைக்காரரின் மகள், இப்படி எழுதுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். அப்படியானால் ரயிலில் போகிற ஆள் யார் என்று கேட்டார்.

கற்பனை என்றாள் சுலோஜனா.

“நேத்து நான் பண்டாரவளைக்குப் போனேன் டீச்சர். கடைசி வாங்கு, ஒரு கால் ஒடஞ்சிருக்கு, கல்லு முட்டுக் குடுத்திருக்கு. கற்பனையில கல்லு வருமா?”

சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பார்த்தீபன் எழுந்துகொண்டிருந்தார். ஒரு கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது, வாய் திறக்கப் போனது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று சுலோஜனாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் சொல்லிவிட்டால் பிறகு ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் தெரிந்தது.

“வாங்கு உண்மைதான்,” என்று அவள் முந்திக்கொண்டாள். குரல் கீச்சென்று வந்தது. “அங்க ஒக்காந்திருந்தது நான்.”



சனிக்கிழமைகளில் பண்டாரவளைக்குப் போவது தான்தான் என்றாள். அங்கே ஒருவரைச் சந்திப்பதாகச் சொன்னாள். வீட்டுக்குத் தெரியாது. எழுத ஆசையாக இருந்தது, அப்படியே எழுதினால் ஆள் தெரிந்துவிடும், அதனால் தன்னை ஆணாக மாற்றிப் புத்தகத்துக்குப் பொருத்தமாக எழுதியதாகச் சொன்னாள். பெயரையே ஆண் பெயராக மாற்றி வைத்திருந்தவளுக்கு இதை மாற்றுவது பெரிய காரியமா என்றும் கேட்டாள். மடியில் இருந்தது வரைதல் கொப்பி இல்லை, இந்தப் படப் புத்தகங்கள்தான் என்றாள். பொய் ஒன்றின் மேல் ஒன்றாக, தயங்காமல் வந்தது. பார்த்தீபனின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாற்காலி மறுபடி இழுபடும் சத்தத்தை வைத்து, அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அறிந்துகொண்டாள்.

முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதை அவர்களால் நம்ப முடிந்தது. கலியாணமாகாத பெண் வீட்டுக்குத் தெரியாமல் ரயிலேறிப் போய் ஒருவனைப் பார்ப்பது எங்கும் நடப்பதுதான். யார் அந்த ஆள் என்று மதுசூதனன் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். அவருக்கு இன்னும் திருப்தி வரவில்லை. இடப்பக்கம் திரும்பினார். சுதர்சினி டீச்சர் பண்டாரவளைக்காரர், சனிக்கிழமை எல்லவில் டியூஷன் கொடுக்க அதே நேரத்து ரயிலுக்குத்தான் வருகிறவர், அவர் சொல்லட்டும், அந்த வாங்கில் யாரைக் கண்டார் என்றார்.

சுலோஜனாவுக்கு அது தெரியாது. சுதர்சினி சனிக்கிழமைகளில் அந்த நிலையத்தில் நிற்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. 

சுதர்சினி எழுந்து நின்றார். சேலைத் தலைப்பைக் கைவிரலில் சுற்றினார், அவிழ்த்தார். அவர் கண்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. யாரைக் கண்டார் என்பதும், பின்வரிசைப் பக்கம் ஒரு நொடி ஓடித் திரும்பிய பார்வையில் தெரிந்தது. சுலோஜனா பார்த்ததைப் போல மேடையில் இருந்த அதிபரும் அதைப் பார்த்தார்.

“கண்டேன்,” என்றார் சுதர்சினி. “சுலோஜனா டீச்சரத்தான் கண்டேன். ரெண்டு மூணு தடவ.”

அதிபர் மூன்று புத்தகங்களையும் தன் பக்கம் இழுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். “சரி, போதும். விளங்கிச்சுது. இது ஒரு ஆசிரியையின்ர சொந்த விஷயம். மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

செய்தி அவளுக்கு முன்பாகவே பதுளைக்குப் போய்விட்டது. மாத்தளையிலிருந்து அவளுக்குப் பேசி வந்த கலியாணம் அடுத்த கிழமையே விட்டுப் போனது. அப்பா கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் படுத்தார். அது தை மாதம் வரை நீண்டது. அம்மா கமலாதேவி அழுது ஓய்ந்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் யார் என்று மட்டும் சொல்லு, நல்ல இடமென்றால் அப்பாவிடம் பேசி முடித்து வைக்கலாம் என்று கெஞ்சினார். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று சுலோஜனா சொன்னாள். அது சத்தியமான உண்மை. அதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

சுதர்சினி ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் தானாகவே வந்து பக்கத்தில் நின்றார். தான் சொன்னது சுலோஜனாவுக்காகவும் இல்லை, பார்த்தீபனுக்காகவும் இல்லை என்றார். அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தது தான், ஏதோ வேடிக்கையாகக் காட்டப் போய் இப்படியாகிவிட்டது, அந்தத் திங்கட்கிழமை முதல் நித்திரை இல்லை என்றார்.  பதுளை பஸ் வந்ததும், எதிர்ப்பக்கம் போக வேண்டிய சுதர்சினியும் ஏறினார்; இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஹாலி-எல வரை போனார்கள்.

பார்த்தீபன் மூன்று கிழமை அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் சித்திர அறை வாசலில் அவள் கடந்து போகும்போது கூப்பிட்டார்.

“நீங்க என்னக் காப்பாத்தினீங்க டீச்சர். காட்டிக் குடுத்ததும் நீங்கதான். நன்றி சொல்லணும்னு தோணும்போதெல்லாம் மத்ததும் சேந்தே ஞாபகம் வருது. நான் என்ன பண்றது?”

 ஒன்றும் பண்ண வேண்டாம் என்றாள். அவர் அந்த நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதைப் பிறகு அவராகவே சொன்னார். வேறு எங்கே, எந்த நாளில் சந்திக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பாடநூலுக்குப் படம் வரையும் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனார். கொஞ்ச நாளில் வடிவம்மாவையும் அழைத்துக்கொண்டார்.

அவளுக்கு இடமாற்றம் மார்கழியிலேயே வந்துவிட்டது. பசறைக்கு அப்பால், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தோட்டப் பாடசாலை. விடைபெறப் போனபோது அதிபர் சிதம்பரநாதன் அலுமாரியைத் திறந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய மூன்று புத்தகங்களையும் எடுத்துக் கொடுத்தார்.

“ரெண்டை வாசிக்கேல்லை,” என்றார். “இந்த ரயில் கதையை வாசிச்சன். அந்தச் சொல்லைப் பற்றி நீர் எழுதினது சரிதான் பிள்ளை. ஆங்கிலத்தில அவசரப்பட்டுப் போட்டாங்கள்.”

வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது போம் என்றார்.

புதிய இடத்தில் நெட் கபே இல்லை. கொப்பியில் எழுதி, பதுளைக்கு வரும் நாட்களில் ஸரூக்கின் கடையில் தட்டுவாள். தெமோதரையான் என்ற பெயரை எடுத்துவிட்டுச் சுலோஜனா என்று போட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? எதிர்பார்த்தபடியே, எழுத்தை விட்டுவிட்டு ஆளை விசாரிக்கச் சிலர் வந்தார்கள். பதிவின் உச்சியில் இருந்த வரியில் பாதியை அழித்தாள். படிக்காததைப் படித்ததாக எழுதப்படாது என்பது மட்டும் நின்றது. அடுத்த பாதியை எழுதும் தகுதி தனக்குப் போய்விட்டதாக அவளுக்குப் பட்டது. நாற்பத்திமூன்றாவது விமர்சனம், மலையேறும் பெண்களைப் பற்றிய ஒரு கதைக்கு. சுமாராகத்தான் வந்தது.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம், ‘நான்காம் நடைமேடை’ விமர்சனத்தின் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம் விழுந்திருந்தது. இந்தப் புத்தகம் இலங்கையில் எங்கே வாங்கலாம், கடைகளில் கேட்க முடியாத நிலையில் இருக்கிறேன், பெயர் சொல்ல முடியாது, மன்னிக்கவும் என்று இருந்தது. எந்த ஊர் என்றுகூட இல்லை.

சுலோஜனா வெகுநேரம் யோசித்தாள். பிறகு தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, அதற்குக் கீழே எழுதினாள்: ‘கடைகளில் இல்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு விலாசம் போதும், அதுவும் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. படித்து முடித்ததும் உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். உங்களைப் பற்றி எழுத வேண்டாம். புத்தகத்தைப் பற்றி மட்டும்.’